அக்கா ஊருக்கு ரயில் விட நாங்கள் அடித்த போஸ்டர்

அமெரிக்காவில் என் அக்காவுக்கு எல்லாம் இருந்தது. வீட்டை விட்டு வெளியே போக மட்டும் வழி இல்லை.

ஞாயிற்றுக்கிழமை காலையில் அவளிடமிருந்து போன் வரும். அங்கே அது சனிக்கிழமை சாயங்காலம். சிவகாசியில் எங்களுக்கு அச்சகமும் வீடும் ஒரே கட்டடம். கீழே ஆப்செட் மெஷின், மாடியில் நாங்கள். அப்பா போனை ஸ்பீக்கரில் போட்டு நடு வீட்டில் வைத்துவிடுவார். கொஞ்ச நேரம் நலம் விசாரிப்பு நடக்கும். மீதி நேரமெல்லாம் அக்கா அந்த ஊர் ரோட்டைத் திட்டுவாள்.

அந்த ஊரைக் கட்டியவர்களுக்கு மனுஷனுக்குக் கால் என்று ஒன்று இருப்பதை யாரும் சொல்லவில்லை போலிருக்கிறது. பெரிய பெரிய ரோடு, ஓரத்தில் நடக்க ஒரு முழம் இடம் கிடையாது. கடைக்குப் போக வேண்டுமென்றால் கார், கோயிலுக்கும் கார், எதிர் வரிசை வீட்டுக்குப் போகக்கூடச் சிலர் காரை எடுப்பார்களாம். ஒருநாள் பால் வாங்கிக்கொண்டு நடந்து வந்த அக்காவைப் பார்த்து யாரோ வண்டியை நிறுத்தி, உங்களுக்கு ஏதாவது ஆபத்தா என்று கேட்டிருக்கிறார்கள். பால் வாங்கினது ஒரு குற்றமா என்று அவள் எங்களிடம் கேட்டாள்.

இத்தனைக்கும் அவள் வீட்டுக்குள் அடைந்து கிடந்தவள் இல்லை. விருதுநகர் காலேஜுக்கு ரயிலில் தினமும் போய் வந்தவள். சிநேகிதி கல்யாணம் என்று தனியாகக் காரியாபட்டி வரை போய் வயிறாரச் சாப்பிட்டு வந்தவள். அவளுக்கு அங்கே கார் ஓட்டவும் சொல்லிக் கொடுத்தார்கள். லைசென்ஸ் பரீட்சையில்தான் தகராறு. ஆலங்குளம் சிமெண்டு லாரிகளுக்கு நடுவே சைக்கிள் ஓட்டி வளர்ந்தவள் அவள். ஒலி எழுப்பாமல் ஒரு முக்குத் திரும்புவது மரியாதை இல்லை என்பது அவள் எண்ணம். திருப்பத்துக்குத் திருப்பம் ஹாரன் அடித்ததில் பக்கத்தில் உட்கார்ந்திருந்த அதிகாரிக்குப் படபடப்பு வந்துவிட்டது. பெயில். பிறகு பழகிப் பார்க்கிறேன் என்று வண்டியைப் பின்னால் எடுத்து எதிர் வீட்டுக் குப்பைத் தொட்டியைச் சாய்த்தாள். அத்தோடு சாவியை அத்தானிடம் கொடுத்துவிட்டு உட்கார்ந்துவிட்டாள். அத்தான் ஆபீஸுக்குக் காரில் போனால் திரும்பி வரும்வரை அவள் சுவரைப் பார்த்துக்கொண்டு இருப்பாள். எனக்கு அத்தான் மேல் கோபம். அப்பாவுக்குத் தன் மேலேயே கோபம். தேடித் தேடி அந்த இடத்தை முடித்தவர் அவர்தானே.

இப்படி இருக்கையில் ஒரு ஞாயிற்றுக்கிழமை அக்காவின் குரல் வேறு மாதிரி இருந்தது.

“அப்பா, இங்கன ரயில் விடப் போறாகளாம்ப்பா. ரெண்டு மூணு பெட்டிதான். மேல கரண்டுக் கம்பி. நடு ரோட்டுலயே ஓடும், பஸ்ஸு மாதிரி நின்னு நின்னு போகும். எங்க தெரு முக்குல ஒரு ஸ்டேஷன் வந்தாலும் வரும்.”

கார் நெரிசல் தாங்காமல் அந்த நாட்டில் ஒவ்வொரு ஊராக இப்படிச் சின்ன ரயில் விட ஆரம்பித்திருக்கிறார்கள் என்று அத்தான் பின்னாலிருந்து சொன்னார். முன்னொரு காலத்தில் அதே ரோட்டில் டிராம் ஓடியதாம். கார் வந்ததும் தண்டவாளத்தைப் பெயர்த்து எறிந்துவிட்டார்களாம்.

“இருந்ததப் பிடுங்கிட்டு இப்பத் திரும்பப் போடுறானுகளா?” என்றார் அப்பா. “நம்மூருல ரோடு போட்ட மறுநாளு குழாய்க்குத் தோண்டுறவன் அங்கனயும் இருக்கான் போல.”

ஆனாலும் அன்றைக்கு முழுக்க அவர் முகம் மலர்ந்தே இருந்தது. எங்கள் பக்கம் மீட்டர் கேஜ் லைனை எடுத்துவிட்டு அகலப்பாதை போட்டுக்கொண்டிருந்த சமயம் அது. ரயிலே இல்லாமல் ஊர் முழுக்க பைக்கும் வேனுமாக மாறிப் போயிருந்தது. தண்டவாளம் என்ற சொல்லைக் கேட்டாலே அப்பாவுக்கு ஆசை பொங்கும்.

அடுத்த வாரம் அக்கா அழுதாள். ரயில் எந்தத் தெரு வழியாகப் போவது என்று கேட்க நகராட்சிக்காரர்கள் கூட்டம் போடுகிறார்கள். தெருக்காரர்கள் வேண்டாம் என்றால் லைன் வேறு பக்கம் போய்விடும், அங்கேயிருந்து அக்கா வீட்டுக்கு நடக்க முடியாது. அவள் தெருவில் ஒருத்தர் எல்லா வீட்டுக் கதவையும் தட்டி, ரயில் வந்தால் சத்தம் வரும், முகம் தெரியாத ஆட்கள் வருவார்கள், வீட்டு விலை இறங்கும் என்று சொல்லி வருகிறாராம். மூன்று கார் வைத்திருக்கும் பெரியவர். குப்பைத் தொட்டிக்குச் சொந்தக்காரரும் அவர்தான்.

“வர்ற ரயில வேண்டாம்ங்கிற சனமும் இருக்கா?” அப்பாவால் நம்பவே முடியவில்லை. “சரி, ரயில் வேணும்ங்கிறவுக கூட்டத்துக்கு வர வேண்டியதுதான?”

“யாரும் வர மாட்டாகப்பா. வேண்டாம்ங்கிறவுகதான் வருவாக. மத்தவுகளுக்குக் கார் இருக்குல்ல, அவுகளுக்கு என்ன வந்துச்சு?”

அப்பா கொஞ்சம்கூட யோசிக்கவில்லை. “போஸ்டர் அடிப்போம்” என்றார்.

காது குத்தோ கருமாதியோ எங்கள் ஊரில் எதற்கும் போஸ்டர்தான் வழி. அக்காவுக்கும் அது தோன்றாமல் இல்லை. கூட்டத்துக்கு வாருங்கள் என்று இங்கிலீஷில் அடக்கமாக நாலு வரி எழுதி அனுப்பினாள். கூடவே, தெருக்காரர்கள் வருஷத்துக்கு ஒருமுறை ஒன்றாகச் சாப்பிடும் விருந்தில் அவள் எடுத்த போட்டோ ஒன்றும் வந்தது. சும்மா நாங்கள் பார்ப்பதற்கு. அவளுடைய துரதிர்ஷ்டம், நல்ல தெளிவான போட்டோ.

அச்சகத்தில் கம்ப்யூட்டர் வேலை என்னுடையது. வெள்ளைத் தாளில் கறுப்பு எழுத்தாக அந்த நாலு வரியைப் போட்டுக் காட்டினேன். அப்பா அதைத் தூர வைத்துப் பார்த்தார், பக்கத்தில் வைத்துப் பார்த்தார்.

“மூஞ்சி இல்லாத போஸ்டர மாடுகூடத் தின்னாது. அந்தப் போட்டோவ எடு.”

“அப்பா, அவுககிட்டக் கேக்காமப் போடக் கூடாது.”

“போடலைன்னாதான் ஏத்தா கோவிப்பாக.”

எங்கள் அனுபவம் அப்படி. கோயில் கொடைத் திருவிழாப் போஸ்டரில் ஒரு பங்காளியின் தலை விட்டுப்போய் உறவே அறுந்ததைப் பார்த்தவர்கள் நாங்கள். வாதாடி ஓய்ந்து, விருந்துக்கு வந்திருந்த அத்தனை பேர் தலையையும் வெட்டி எடுத்தேன். வட்டத்துக்குள் வைத்து வரிசையாக அடுக்கினேன். மூத்தவருக்கு மேலே இடம் என்பது முறை. போட்டோவில் நரைத்த தலையும் நல்ல களையுமாக ஒருத்தர் சிரித்துக்கொண்டிருந்தார். பெரிய மனுஷன் மாதிரி இருக்கிறார் என்று அப்பா அவரை உச்சியில் பெரிய வட்டத்தில் ஏற்றி, கீழே ‘தலைமை’ என்பதற்கு இங்கிலீஷில் என்ன உண்டோ அதைப் போடச் சொன்னார். அதற்கும் மேலே பிள்ளையார். அந்த ஊரில் எந்தச் சாமி என்ற கேள்வி வந்தது. எதற்கு வம்பு என்று சிலுவையையும் பிறையையும் சேர்த்தோம். கல்யாணப் பத்திரிகையில் வருகிற ‘சுற்றமும் நட்பும் சூழ’ இங்கிலீஷாகி நடுவில் உட்கார்ந்தது. ரயில் படம் கையில் இல்லாததால் மதுரை எக்ஸ்பிரஸ் என்ஜினைப் போட்டு, மாலையும் மாட்டிவிட்டோம். மஞ்சளும் சிவப்பும் கண்ணைப் பறித்தன. மெஷின்காரர் முதல் தாளை எடுத்துப் பார்த்துவிட்டு, “அண்ணாச்சி, எம்மெல்லே தேர்தலுக்குக்கூட இம்புட்டு எடுப்பா நாம அடிக்கலியே” என்றார்.

கூரியர் ஆபீஸில், சிவகாசிப் பார்சல் என்றதும் வழக்கம்போல உள்ளே வெடி இருக்கிறதா என்று முகர்ந்து பார்த்தார்கள். போஸ்டர் என்று பிரித்துக் காட்டினேன். அந்தப் பையன் ஒவ்வொரு தலையாகப் பார்த்துவிட்டு, இவங்கல்லாம் எந்தக் கட்சி என்று கேட்டான்.

பார்சல் போய்ச் சேர்ந்தபோது அதை வாங்கியவர் அத்தான். ஆமத்தூர்க்காரர், இளம் வயதில் சினிமா ரசிகர் மன்றத்துக்காகச் சுவர் சுவராகப் போஸ்டர் ஒட்டியவர். அதுவரை அக்கா விஷயத்தில் வாயே திறக்காத மனுஷனுக்கு, அந்த மஞ்சளையும் சிவப்பையும் பார்த்ததும் பழைய ரத்தம் ஓட ஆரம்பித்துவிட்டது. படித்தும் பார்க்கவில்லை, மேலே யார் தலை என்றும் பார்க்கவில்லை. அடுப்பில் மைதாப் பசை காய்ச்சி, அக்கா எழும் முன்னால் தெருவில் இருந்த கம்பம் அத்தனையிலும் ஒட்டிவிட்டு, திருப்தியாக ஆபீஸுக்குப் போய்விட்டார்.

எங்களுக்குச் சாயங்காலம், அக்கா போனில் கத்தினாள்.

“யாரப்பா மேல வச்சிருக்கீக? அவருதான்ப்பா ரயில் வேண்டாம்ங்கிறவரு! கையெடுத்துக் கும்புடாத குறையா அவருதான் ரயில வருக வருகன்னு கூப்புடுறாரு!”

அப்பா என்னைப் பார்த்தார். நான் மெஷினைப் பார்த்தேன்.

“கிழிச்சிரு தாயி” என்றார் அப்பா ஈனக் குரலில்.

“கிழிக்கவா? நகமெல்லாம் போச்சு. ஒரு ஓரம் வரல. அந்த மனுசன் பசை காய்ச்சிருக்காரு பாருங்க பசை!”

அங்கே மத்தியானம் ஆனதும் பெரியவர் கதவைத் தட்டினாராம். கையில் கார் சாவியோடு நின்று, இது யார் வேலை என்று கேட்டிருக்கிறார். அக்கா பயந்துபோய், எங்கள் அப்பா அச்சகம் வைத்திருக்கிறார், எங்கள் ஊரில் வயதில் பெரியவரைத்தான் மேலே போடுவார்கள், மரியாதைக்கு என்று உண்மையைச் சொல்லியிருக்கிறாள். அவர் நாலு எட்டுத் தள்ளிப் போய்க் கம்பத்தில் தன் முகத்தை மறுபடி பார்த்தாராம். நான் கூட்டத்துக்கு வந்து நீங்கள் செய்தது தப்பு என்று சொல்லத்தான் போகிறேன் என்றாராம். போகும்போது, இதில் பசை படாத ஒரு தாள் கிடைக்குமா என்றும் கேட்டாராம்.

கூட்டம் முடிந்து அக்கா பேசும்வரை எங்கள் வீட்டில் சோறு இறங்கவில்லை. அவளுக்கு அந்த ஊரில் இருந்த ஒரே வாசலை நாங்களே சாத்திவிட்டோம் என்று அம்மா சொன்னாள்.  

நடந்தது வேறு. கூட்டத்துக்கு இதுவரை எட்டிப் பார்க்காதவர்கள் எல்லாரும் வந்துவிட்டார்கள். தன் தலை கம்பத்தில் தொங்கினால் ஏன் எதற்கு என்று கேட்காமல் இருக்க அமெரிக்காக்காரனாலும் முடியாது. ஹாலில் உட்கார இடம் இல்லை. பெரியவர் கோட்டுப் போட்டுக்கொண்டு வந்து, சத்தம், அந்நிய ஆட்கள், வீட்டு விலை என்று எல்லாவற்றையும் சொன்னார். போஸ்டரையும் தூக்கிக் காட்டினார். எல்லாரும் சிரித்தார்கள். அப்போது நகராட்சிக்காரர், இந்தத் தெருவில் ரயில் வந்தால் உண்மையிலேயே ஏறப் போகிறவர் யாராவது உண்டா என்று கேட்டார்.

அக்கா எழுந்து நின்றாள். காலேஜில் பேர் கூப்பிட்டால்கூடப் பதில் சொல்லக் கூச்சப்படுகிறவள். என்ன சொன்னேன் என்று அவளே எங்களுக்குத் தமிழில் சொன்னாள்.

“அந்தப் போஸ்டர்ல நீங்க எல்லாரும் இருக்கீங்க, நான் மட்டும் இல்லன்னு சொன்னேன்ப்பா. படம் புடிச்சது நானுல்ல. நான் இந்தத் தெருவுல இருக்கிறதே உங்கள்ல பாதிப் பேருக்குத் தெரியாது, ஏன்னா எனக்குக் கார் ஓட்டத் தெரியாதுன்னேன். உங்க எல்லார்கிட்டயும் சாவி இருக்கு, எனக்கு ஒரு டிக்கெட்டு போதும்னு சொன்னேன். அம்புட்டுத்தான், உக்காந்துட்டேன்.”

 அவள் முகத்தை ஒரு மூலையிலாவது வைத்திருக்கலாமே என்று எங்கள் யாருக்கும் தோன்றவில்லை.

கை தூக்கச் சொன்னபோது நிறையக் கைகள் எழுந்தன. பெரியவர் தூக்கவில்லை. அவர் கடைசிவரை மாறவில்லை, மூன்று காரையும் விற்கவில்லை. அவர் கேட்ட பசை படாத தாளை மட்டும் அப்பா பத்திரமாக லேமினேஷன் செய்து அனுப்பி வைத்தார்.

ரயில் ஓட வருஷக் கணக்கில் ஆனது. அதற்குள் எங்கள் பக்கத்து அகலப்பாதையே முடிந்து, என்ஜினுக்கு மாலை போட்டு, கூட்டத்தில் அப்பாவின் செருப்பும் தொலைந்து போயிருந்தது.

ஒரு புதன்கிழமை காலை. அப்பா சாமி படத்துக்கு ஊதுபத்தி கொளுத்திக்கொண்டிருந்தார், மெஷின் ஓட ஆரம்பித்திருந்தது. அக்காவின் போன். ஞாயிறு அல்லாத நாளில் போன் என்றாலே ஏதோ கெட்ட சேதி என்றுதான் எங்களுக்கு.

“என்னத்தா, என்ன ஆச்சு?”

“ஒண்ணும் ஆகலப்பா. ரயில்ல இருக்கேன்.”

“யாரு கூட?”

“யாரும் இல்ல. நான் மட்டும்.”

“மாப்பிள்ள?”

“மாவு இருக்கு, அவரு தோச சுட்டுக்கிடுவாரு.”

“எங்கத்தா போற?”

“எங்கயும் இல்லப்பா. கடேசி ஸ்டேஷன் வரைக்கும் போயிட்டுத் திரும்பி வருவேன். சும்மாதான்.”

அப்பா கையைத் தூக்கி மெஷினை நிறுத்தச் சொன்னார். “ஏலே, எம் மக ஊரு சுத்துறாலே” என்று மெஷின்காரரிடம் சொன்னார். எங்கள் ஊரில் பெண் பிள்ளைகளைத் திட்டும்போதுதான் அப்படிச் சொல்வார்கள். அப்பா அதைப் பெருமையாகச் சொன்னார்.

அக்கா ஜன்னலில் வரும் ஸ்டேஷன் பெயர்களை ஒவ்வொன்றாகப் படித்தாள். அதில் ஒன்றுகூட அப்பாவின் வாயில் நுழையாது. நின்றபடியே போனைக் காதோடு அழுத்திக்கொண்டு, ஒவ்வொரு பெயருக்கும் “ம்... அடுத்து?” என்று கேட்டுக்கொண்டிருந்தார்.