துரை கேட்ட பெயர்

சித்தப்பாவுக்குப் பொன்மலை ரயில் பட்டறை ஆபீசில் வேலை. அங்கே புது இயந்திரங்களைப் பூட்டிக் கொடுக்க அமெரிக்காவிலிருந்து ஒரு துரை வந்திருந்தார். கோபுரம் காட்டுகிறேன் என்று ஒருநாள் அவரை ஸ்ரீரங்கத்துக்கு அழைத்துவந்த சித்தப்பா, எங்கள் வீட்டு வாசலிலும் நாற்காலி போட்டு உட்காரவைத்துவிட்டார்.

அத்தை புது டிகாக்‌ஷன் இறக்கிக் காப்பி கலந்து அனுப்பினாள். துரை வேண்டாம் என்று கைகூப்பினார். அவர் மார்மன் என்கிற கிறிஸ்தவப் பிரிவாம். அவர்களுக்குக் காப்பி ஆகாதாம். எங்கள் தெருவில் ஏகாதசிக்குச் சோற்றை விட்டவர்கள்கூடக் காப்பியை விட்டதில்லை. அப்பா துரையைப் பரிதாபமாகப் பார்த்தார். மோர் வந்ததும் துரை இரண்டு டம்ளர் குடித்தார்.

பிறகு பேச்சு அவர்கள் ஊர்க் கோயிலுக்குப் போனது. துரை இங்கிலீஷில் சொல்லச் சொல்ல, சித்தப்பா தமிழில் எடுத்துச் சொன்னார். செத்துப்போனவர் பெயரைச் சொல்லி உயிரோடிருப்பவர்கள் அங்கே தண்ணீரில் முங்குவார்களாம். முங்கினால் இறந்தவர் இவர்களுடைய சொர்க்கத்தில் சேர்ந்துகொள்ளலாமாம். பெண்களுக்குப் பெண்கள்தான் முங்க வேண்டுமாம். துரையின் தாயார் இந்த மதத்தில் சேராமலே, அவருடைய சின்ன வயதில் இறந்துபோய்விட்டாளாம். அவளுக்காகத் தம் மனைவியை முங்க வைத்தாராம்.

சொல்லிவிட்டு என்னைப் பார்த்தார். குழந்தையின் அம்மா எங்கே என்று கேட்டார். போன தை மாதம் தவறிவிட்டாள் என்றார் சித்தப்பா. துரையின் முகம் வாடிவிட்டது. அவள் பெயர் என்ன என்றார்.

சொல்லாதே என்று நான் அப்பாவின் வேட்டியைப் பிடித்து இழுத்தேன். அப்பாவோ கடைக்கு வழி கேட்டவருக்குச் சொல்வதுபோலப் பெயரைச் சொல்லிவிட்டார்.

அம்மா பெருமாளிடம் இருக்கிறாள், நானும் ஒருநாள் அங்கே போய் அவளைப் பார்ப்பேன் என்பதுதான் அப்போது எனக்கிருந்த ஒரே தைரியம். துரை அவளைத் தம் சொர்க்கத்துக்கு மாற்றிவிட்டால் நான் எங்கே போய்த் தேடுவேன்? அங்கே அம்மாவுக்குக் காப்பிகூடக் கிடைக்காதே.

துரை போன பிறகு, அம்மாவை அங்கே கூட்டிக்கொண்டு போய்விடுவாரா என்று சித்தப்பாவிடம் அழுதுகொண்டே கேட்டேன்.

"பலவந்தம் எல்லாம் கிடையாதாம்டி. இஷ்டமில்லேன்னா செத்துப்போனவா வரமாட்டேன்னு சொல்லிடலாமாம்."

பயம் இரட்டிப்பாகிவிட்டது. அம்மாவுக்கு யாரிடமும் மாட்டேன் என்று சொல்லத் தெரியாது.

சாப்பாடு இறங்கவில்லை. மறுநாள் உடம்பு காய்ந்தது. "பேரைத் திருப்பி வாங்கிண்டு வாங்கோப்பா" என்று புலம்பினேன். அப்பாவும் சித்தப்பாவும் சிரித்தார்கள். அத்தை சிரிக்கவில்லை.

காய்ச்சல் விட்டதும் அத்தை என்னை அம்மா மண்டபப் படித்துறைக்கு அழைத்துப்போனாள். காவிரியில் தனக்கென்று முங்கி எழுந்தாள். பிறகு என் அம்மாவின் பெயரைச் சொல்லி, "இது உங்கம்மாவுக்கு" என்று இன்னொரு முறை முங்கினாள். எழுந்தபோது கண் சிவந்திருந்தது.

"ஆச்சு. இனிமே அவளை யாரும் எங்கேயும் கூட்டிண்டு போக முடியாது" என்றாள்.

அப்படியே நம்பினேன். அன்று மத்தியானம் வயிறு நிறையச் சாப்பிட்டேன். துரை ஊர் போய்ச் சேருவதற்குள் நாங்கள் முந்திக்கொண்டோம், அவர் ஏமாந்துபோனார் என்று எனக்கு ஒரே கொண்டாட்டம். தேடிப் போகிற இடத்தில் தம் அம்மா இல்லாமல் போய்விடுவாளோ என்று அந்தப் பெரிய மனிதரும் பயந்திருப்பார் என்பது அந்த வயதில் எனக்குத் தெரியவில்லை.