எங்கள் குப்பத்தில் ஒரு துப்பாக்கிக்கு நடந்த பஞ்சாயத்து

நேற்று சாயங்காலம் எங்கள் குப்பத்தில் ஒரு துப்பாக்கிக்குத் தடை போடலாமா வேண்டாமா என்று ஊர்க்கூட்டம் நடந்தது!

(சிரிக்காதீர்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.)

துப்பாக்கி என் அக்கா மகள் பவித்ராவுடையது. பிளஸ் டூ படிக்கிறாள். எண்ணூரில் எங்கள் வீட்டில்தான் இருக்கிறாள்.

ஏர் பிஸ்டல். போட்டிக்குச் சுடுவது. கோச் இரவல் கொடுத்தது. வரும் ஞாயிற்றுக்கிழமை மாநில அணிக்கு ஆள் எடுக்கும் போட்டி. இரண்டு வருஷமாக இதற்காகத்தான் மூச்சு விடுகிறாள்.

வீட்டில் குண்டு போடாமல் வெறுமனே குறி பார்த்துப் பழகுவாள். எங்கள் வீடு ஒரு ஹால், ஒரு கிச்சன். தூரம் பத்தாது. அதனால் கிச்சன் மூலையில் நின்றுகொண்டு வாசல் பக்கத்துச் சுவரைக் குறி பார்ப்பாள். கதவு திறந்தே இருக்கும். (மூடினால் வெந்துவிடுவோம்!)

போன வாரம் அந்த வாசலில் கஸ்தூரி அக்கா வந்து நின்றாள்.

பக்கத்து வீடு. மீன் விற்கிறவள். மிச்சமானதைப் பவித்ராவுக்கென்று எடுத்து வருவாள். அன்றைக்கும் கையில் கிண்ணத்தோடுதான் வந்தாள்.

எதிரே நீட்டிய துப்பாக்கி.

கிண்ணம் கீழே விழுந்தது. அக்கா கத்தவில்லை. அப்படியே வாசலில் உட்கார்ந்துவிட்டாள்.

அவள் வீட்டுக்காரர் விசைப்படகில் கடலுக்குப் போனவர். எல்லை தாண்டிவிட்டார்கள் என்று சொல்லிக் கடற்படைக்காரர்கள் சுட்டார்கள். உடம்பு மட்டும் கரைக்கு வந்தது. இதற்கு மேல் அதை எழுத எனக்குத் தெம்பு இல்லை.

அன்றிலிருந்து அக்கா வியாபாரத்துக்குப் போகவில்லை. பிறகு ஊர்த் தலைவரிடம் போய்ச் சொல்லிவிட்டாள்.

கூட்டத்தில் ஆண்கள் முன்னால் உட்கார வேண்டும், பெண்கள் பின்னால் நிற்க வேண்டும். (எந்தச் சட்டத்தில் இருக்கிறது என்று கேட்காதீர்கள்.)

நம்ம பசங்க சும்மா இருப்பார்களா!

"காக்கா சுட்டு குடு பவி, பிரியாணி போட்லாம்!"

தலைவர் அதட்டினார். "டேய், வாய மூடுங்கடா! இது வெளாட்டு விசயமா?"

நான் பின்னாலிருந்தே குரல் கொடுத்தேன். "வெளாட்டுதான் தலைவரே! ஒலிம்பிக்ல கீற வெளாட்டு. இந்தத் துப்பாக்கிக்கு லைசென்ஸ்கூட வாணாம். சட்டமே ஒத்துக்குது."

கஸ்தூரி அக்கா என்னைத் திரும்பிப் பார்த்தாள்.

"அவங்களும் சட்டப்படிதான் சுட்டோம்னாங்க, தங்கச்சி."

எனக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை.

இந்த மாதிரிப் போட்டிகளைத் தடை செய்ய வேண்டும் என்று நெட்டில் யாராவது எழுதினால் வரிந்துகட்டிக்கொண்டு கமெண்ட் போடுகிறவள் நான். அந்த வாதம் எல்லாம் எனக்கு மனப்பாடம். நேற்று ஒன்றுகூட வாயில் வரவில்லை.

கடைசியில் தலைவரே ஒரு முடிவு சொன்னார். "பொண்ணு நல்லா வர்ற நேரம். ஊரு தடை போடாது. கதவ சாத்திகினு பழகட்டும். இன்னா கஸ்தூரி, ஒத்துக்கிறியா?"

"ஒத்துக்கிறேண்ணா. அவ நல்லா வரட்டும். எம் பொண்ணு மாறி அவ."

எனக்கு உயிர் வந்தது! பவித்ரா ஓடிப்போய் அக்கா கையைப் பிடித்துக்கொண்டாள்.

அக்கா அவள் தலையைத் தடவிக்கொண்டே கேட்டாள். "கண்ணு, ஒண்ணு கேக்கட்டா? சுடறப்போ எதுர்ல இன்னா தெரியும் உனுக்கு?"

பவித்ராவுக்குப் பொய் சொல்லத் தெரியாது. அதிலும் இந்த விளையாட்டைப் பற்றிக் கேட்டால் சந்தோஷமாகச் சொல்லுவாள்.

"எதுர்ல பாக்கவே கூடாது பெரிம்மா! துப்பாக்கி முனைல சின்னதா ஒண்ணு தூக்கிகினு கீதுல்ல, கண்ணு அதுமேலயேதான் இருக்கணும். எதுர்ல கீறது மங்கலா தெரிஞ்சா போதும். அத்த பாத்தா குறி தப்பிடும்."

அக்கா தடவுவதை நிறுத்தினாள்.

"அப்போ எங்காளு மூஞ்சிய அவன் பாக்கவேல்ல."

பவித்ராவின் கை அக்கா கையிலிருந்து நழுவியது.

"மூஞ்சிய பாத்துகினே எப்டி சுட மனசு வந்துச்சுன்னு இத்தினி வருசமா கேட்டுகினே கீறேன் கண்ணு. பாக்கவேல்லயா அவன்..."

கோபமே இல்லை அந்தக் குரலில். கோபம் இருந்திருந்தால் நானாவது பதிலுக்குச் சண்டை போட்டிருப்பேன். அக்கா முந்தானையை உதறிக்கொண்டு வீட்டுக்குப் போய்விட்டாள்.

இன்று காலை கதவைச் சாத்தினோம். ஃபேனைப் போட்டேன். பவித்ரா கிச்சன் மூலையில் நின்று கையை நீட்டினாள். இறக்கினாள். மறுபடி நீட்டினாள். மறுபடி இறக்கினாள்.

"இன்னாடி ஆச்சு?"

"முனைய பாக்க முடில சித்தி. எதுர்ல கீறதுதான் தெரிது."

பெட்டிக்குள் வைத்துவிட்டுச் சாப்பிடாமல் ஸ்கூலுக்குப் போய்விட்டாள்.

அரசாங்கம் தடுக்கவில்லை. ஊர் தடுக்கவில்லை. கஸ்தூரி அக்காவும் தடுக்கவில்லை. அவள் நேற்று வாழ்த்திவிட்டுத்தான் போனாள்.

தடை செய்யணும், கூடாது என்று கமெண்டில் இங்கே அடித்துக்கொள்ளாதீர்கள், ப்ளீஸ்! எனக்கு ஒன்றே ஒன்று சொல்லுங்கள்.

சாயங்காலம் அந்தப் பிள்ளை வீட்டுக்கு வந்ததும், எதிரே இருப்பதைப் பார்க்காதே என்று நான் எந்த வாயால் சொல்லுவேன்?