மூவார் மாடியில் ஒரு பொட்டலக் கடை

போன வாரம் ஸ்கூடாயில் ஒரு சாப்பாட்டுக் கடையின் பின்சந்தில் காரை நிறுத்திவிட்டு இறங்கினேன். அடுப்படியின் புகைவிசிறி சந்துப் பக்கம் ஊதிக்கொண்டிருந்தது. தாளித்த கறிவேப்பிலை, வெங்காயம், அதோடு சூடேறிய இரும்பும் தூசியும். கால் நகரவில்லை. என்ன ஆச்சு என்று கணவர் கேட்டார். கம்ப்யூட்டர் வாசனை வருகிறது என்றேன். இந்த வயதில் எனக்கு என்னென்னவோ வருகிறது என்று அவருக்கு ஒரு கணக்கு உண்டு. அதில் இதையும் சேர்த்துக்கொண்டு முன்னால் நடந்தார்.

உண்மையில் கம்ப்யூட்டருக்கென்று ஒரு வாசனை கிடையாது. அது இருக்கும் இடத்தின் வாசனைதான் அதற்கும். நான் முதலில் வேலை பார்த்தது மூவாரில், நாற்காலி மேசை செய்யும் ஒரு தொழிற்சாலையின் அலுவலகத்தில். அங்கே கம்ப்யூட்டரைத் திறந்தால் ரப்பர் மரத்தூள் கொட்டும். நான் சொல்லும் கறிவேப்பிலைக் கம்ப்யூட்டர் இருந்தது ஆற்றோரத்தில், என் நண்பன் ஜமாலின் அத்தா நடத்திய சாப்பாட்டுக் கடையின் மாடியில். அரிசி மூட்டைகளுக்கு நடுவில் ஒரு இரும்பு அலமாரி. அதற்குள் எங்கள் சர்வர். மாதம் ஒருமுறை அதன் விசிறியைக் கழற்றிப் பாத்திரம் துலக்கும் சோப்புப் போட்டுக் கழுவுவோம். நெய்ப்பிசுக்கு அப்படி ஏறியிருக்கும்.

அந்த சர்வரில் என்ன இருந்தது என்று சொல்லிவிடுகிறேன், பயந்துவிடாதீர்கள். அப்போது உலகத்தின் மூலைமுடுக்கிலிருந்து கொஞ்சம் பேர் கூடி ஓர் இயங்குதளத்தைச் செய்துகொண்டிருந்தார்கள். காசு கொடுக்க வேண்டாம், யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம், பிரித்துப் பார்க்கலாம், மாற்றலாம். பழைய கம்ப்யூட்டரில்கூட ஓடும். அதற்கு வேண்டிய மென்பொருள்களை எவரோ எங்கோ எழுதிப் போடுவார்கள். அதை எடுத்து, நம் இயங்குதளத்துக்குப் பொருந்தும்படி திருத்தி, ஒழுங்காகக் கட்டி, ‘இது கலப்படமில்லாதது’ என்று ஒரு மின்முத்திரை குத்தி, எல்லாரும் வந்து எடுத்துக்கொள்ளும்படி ஓர் இடத்தில் அடுக்கிவைக்க வேண்டும். அவ்வளவுதான் எங்கள் வேலை. சம்பளம் கிடையாது. பொட்டலம் கட்டுகிறோம் என்போம்.

ஜமாலின் அத்தாவுக்கு இந்தச் சொல் மட்டும் நன்றாகப் புரிந்தது. கீழே அவரும் நாள் முழுக்கச் சோற்றைப் பொட்டலமாக, மலாயில் சொன்னால் புங்குஸ், கட்டிக்கொண்டிருந்தவர்தானே. மாடிக்கு ஏறி வரும்போதெல்லாம் இன்றைக்கு எத்தனை பொட்டலம் போயிற்று என்று விசாரிப்பார். ஜமால் ஏதோ ஓர் எண்ணைச் சொல்வான். காசு வாங்காமல் இத்தனையா என்று தலையை ஆட்டிக்கொண்டே அரிசியை அளந்துகொண்டு இறங்குவார்.

ஜமாலையும் என்னையும் இதில் இழுத்துவிட்டவர் குமரேசன் அண்ணன். கூலாயில் வாடகை வீடு, சிங்கப்பூரில் ஒரு தொழிற்சாலையில் வேலை. தினமும் மோட்டார் சைக்கிளில் பாலத்தைக் கடந்து போய்வருவார். எங்கள் மூவருக்கும் முதலில் பழக்கம் மின்னஞ்சலில்தான். அவரை நான் ஏதோ வெளிநாட்டுப் பேராசிரியர் என்று நினைத்திருந்தேன். ஒருநாள், மழையில் வீட்டுக்குள் தண்ணீர் வந்துவிட்டதால் பதில் தாமதம் என்று எழுதினார். கூலாயில் வெள்ளம் என்று அன்றைக்குப் பேப்பரிலும் வந்திருந்தது. அவர் கூலாயில் இருப்பதை அப்படித்தான் கண்டுபிடித்தோம். முதல்முறை கடைக்கு வந்தபோது பேராசிரியர் ஹெல்மெட்டைக் கழற்றாமலேயே பாலில்லாத தேநீர், தே ஓ, ஒன்று சொன்னார்.

அவர் மெல்லப் பேசுவார், கறாரானவர். தமிழ், மலாய் மென்பொருள்களுக்கென்று தனியாக ஒரு களஞ்சியம் அமைத்து அதை எங்கள் சர்வரில் ஏற்றியது அவர்தான். குளுவாங், காஹாங் பக்கம் தமிழ்ப்பள்ளிகளுக்கு யாராவது பழைய கம்ப்யூட்டர் தானம் கொடுத்தால், ஞாயிற்றுக்கிழமை போய் எங்கள் இயங்குதளத்தைப் போட்டுக் கொடுத்துவிட்டு வருவோம். பிறகு அவை தாமாகவே இணையம் வழியாக மாடிக்கு வந்து புதிய பொட்டலங்களை எடுத்துக்கொள்ளும். பொட்டலத்தில் எங்கள் முத்திரை இருந்தால்தான் எடுக்கும். அந்த முத்திரை அண்ணனிடம் மட்டுமே இருந்தது. ஒரு நீண்ட கடவுச்சொல்லைத் தட்டினால்தான் அது வேலை செய்யும். அதை அவர் எங்கும் எழுதிவைக்கவில்லை. எழுதினால் அது பூட்டே இல்லை என்பார். சரிதான் என்று நாங்களும் இருந்தோம்.

ஒரு மழைக்கால விடியலில், வேலைக்குப் போகும் வழியில், செனாய் தாண்டி ஒரு லாரி அவரை இடித்துவிட்டது. கால் முறிந்தது, விலா முறிந்தது, அவையெல்லாம் கூடிவிட்டன. தலையில் பட்டதுதான் கூடவில்லை. பல வாரம் மருத்துவமனையில் கிடந்தார். பிறகு அவர் மனைவி தேன்மொழி அக்கா கூலாய் வீட்டைக் காலி செய்துவிட்டு, லாயாங் லாயாங்கில் தன் அம்மா வீட்டுக்கு அவரைக் கொண்டுபோனார். மலாயில் லாயாங் லாயாங் என்றால் பட்டம். அந்த ஊரில் ஒரு பட்டத்தைக்கூட நான் பார்த்ததில்லை. தண்டவாளத்தின் ஓரத்தில் ஒரு தகரக்கூரை வீடு, ரயில் போனால் ஜன்னல் கம்பி அதிரும், அதுதான் நினைவிருக்கிறது.

நானும் ஜமாலும் பார்க்கப் போனோம். அண்ணன் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். எங்களை யாரென்று தெரியவில்லை. ஜமாலுக்கு மௌனம் ஆகாது. என்ன பேசுவதென்று தெரியாமல் சர்வரைப் பற்றி உளற ஆரம்பித்தான். எழுத்துரு காட்டும் மென்பொருளில் புதிது வந்திருக்கிறது, அதை முதலில் ஏற்றிவிடலாமென்று இருக்கிறேன் என்றான்.

அண்ணன் தலையைத் திருப்பினார்.

“அத மொதல்ல ஏத்தாத. ஒடஞ்சிரும். அதுக்குக் கீழ உள்ளத ஏத்து.”

பிறகு எதற்கு அடுத்து எது என்று, ஒவ்வொரு பொட்டலத்தின் பெயராக, வரிசை தவறாமல் சொன்னார். ஜமால் சிரித்துவிட்டான். எனக்கும் சந்தோஷம் தாங்கவில்லை. திரும்பினால் வாசற்படியில் அக்கா தேநீர்த் தட்டோடு நின்றுகொண்டிருந்தார். தட்டை நிதானமாகக் கீழே வைத்தார்.

“என் பேரு தெரியல. பிள்ள பேரு தெரியல. இதெல்லாம் மட்டும் தெரியுதா?”

பிள்ளை அப்போது ஐந்து வயதுகூட ஆகாதவள். கட்டிலுக்கு அடியில் உட்கார்ந்து ஏதோ கிறுக்கிக்கொண்டிருந்தாள்.

இனி வராதீர்கள் என்றுதான் அக்கா சொல்வார் என்று நினைத்தேன். கிளம்பும்போது கேட்வரைக்கும் வந்தார். ஞாயிறு தவறாமல் வரச் சொன்னார். வேறு எதைப் பேசினாலும் அண்ணன் வாயைத் திறப்பதில்லையாம். இதையாவது பேசட்டும் என்றார். அதைச் சொன்னபோது அவர் எங்கள் முகத்தைப் பார்க்கவில்லை.

அதனால் ஞாயிறுதோறும் போனோம். ஜமாலின் அத்தா கறியும் சோறும் கட்டிக்கொடுப்பார். கார் முழுக்க அந்த மணம். அண்ணனின் பழைய கம்ப்யூட்டரை அங்கேயே மேசையில் வைத்தோம். அவர் அதன் முன்னால் உட்கார்வார். சில நாள் பேசுவார், சில நாள் சுவரைப் பார்த்துக்கொண்டிருப்பார். பேசும் நாட்களில் அக்கா அடுப்படி வேலையை விட்டுவிட்டு வந்து சுவரோரம் நின்று கேட்பார். ஒரு சொல்லும் புரியாது. ஆனாலும் கணவர் குரலைக் கேட்கலாமல்லவா.

இதற்கிடையில் ஒரு சங்கடம். நாங்கள் குத்தும் முத்திரைக்கு ஆயுள் உண்டு. முடியும் முன் கடவுச்சொல்லைப் போட்டு நீட்ட வேண்டும். அந்தக் கெடு நெருங்கிக்கொண்டிருந்தது. நீட்டாவிட்டால் பள்ளிக்கூடக் கம்ப்யூட்டர்கள் எல்லாம் எங்கள் பொட்டலங்களைத் தள்ளிவிடும். அண்ணனிடம் கேட்டுப் பார்க்கலாம் என்றான் ஜமால். எனக்கு மனம் வரவில்லை. அந்த மனுஷனிடம் போய் இதையா கேட்பது என்றேன். அக்காவின் காதில் விழுந்துவிட்டது. கேளுங்கள், ஒன்று வந்தால் அதைப் பிடித்துக்கொண்டு மற்றதும் வரும் என்றார் அவர்.

ஜமால் கேட்டான். அண்ணன் கண்ணை மூடிக்கொண்டார். விரல்கள் தொடையின் மேல் தட்டச்சு செய்வதுபோல ஓடின. பாதியில் விரல் நின்றது. மறுபடி முதலிலிருந்து. மறுபடி அதே இடத்தில் நின்றது. பிறகு அவர் அழ ஆரம்பித்தார். பெரிய மனிதர் அப்படி அழுது நான் பார்த்ததில்லை. எதற்கு அழுகிறோம் என்றும் அவருக்குத் தெரியவில்லை. அக்கா வந்து அவர் கையை எடுத்துத் தன் கைக்குள் வைத்துக்கொண்டார்.

“போதும்லா ஜமால். விட்டுருங்க.”

விட்டுவிட்டோம். கெடு முடிந்தது. புது முத்திரை ஒன்றை என் பெயரில் உண்டாக்கினேன். அதை ஒவ்வொரு பள்ளிக்கும் நேரில் போய்ப் போட்டால்தான் உண்டு. கிளம்பினோம். போகப் போகத்தான் தெரிந்தது, பள்ளிக்கூடங்களில் எங்கள் கம்ப்யூட்டர்களே அநேகமாக இல்லை. காஹாங்கில் ஒரு தலைமையாசிரியை சங்கடப்பட்டுக்கொண்டே சாமான் அறையைத் திறந்து காட்டினார். விளையாட்டுப்போட்டிக் கொடிகளுக்கு அடியில் எங்கள் கம்ப்யூட்டர்கள் ஒன்றன்மேல் ஒன்றாகக் கிடந்தன. புதியவை வந்துவிட்டனவாம், உங்களுக்குச் சொல்லத்தான் நம்பர் தெரியவில்லை என்றார். இன்னொரு பள்ளியில் பிள்ளைகளே குறைந்துபோயிருந்தார்கள். திரும்பி வரும்போது இரண்டு பக்கமும் செம்பனைத் தோட்டம் வரிசை வரிசையாகப் பின்னால் போய்க்கொண்டே இருந்தது.

புது முத்திரை என்றால் பழைய பொட்டலங்களை எல்லாம் திரும்பக் கட்ட வேண்டும். ஒவ்வொன்றிலும் பராமரிப்பவர் பெயர் என்று ஓர் இடம் இருக்கும். அங்கே குமரேசன் என்பதை அழித்து என் பெயரைப் போட வேண்டும். ஒன்றை அழித்தேன், இரண்டை அழித்தேன். பிறகு எழுந்துபோய் முகம் கழுவிக்கொண்டு வந்தேன். அண்ணனிடம் சொல்லாமல் செய்ய எனக்கு மனமில்லை. சொன்னால் என்ன ஆகுமோ என்று ஜமாலுக்குப் பயம். பொட்டலங்களில் பழைய பெயரை எடுத்துவிட்டு என் பெயரைப் போடப்போகிறேன் என்று அடுத்த ஞாயிறு நானே சொன்னேன்.

அண்ணன் மேசையிலிருந்த திரையைப் பார்த்தார்.

“யாரு அந்த ஆளு?” என்று கேட்டார்.

“குமரேசன்னு ஒருத்தருண்ணே. இப்ப வர்றதில்ல.”

“வரலன்னா பேர எடுத்துரணும். சும்மா இருந்தா ஆளு இருக்காருன்னு நம்பிக்கிட்டிருப்பாங்க.”

அக்கா அடுப்படியில் குழாயைத் திறந்துவிட்டார். தண்ணீர் வெகுநேரம் ஓடிக்கொண்டிருந்தது.

அடுத்த வருஷக் கடைசியில் அண்ணனுக்குச் சளி பிடித்தது, நெஞ்சில் இறங்கியது, ஒரு வாரத்தில் போய்விட்டார். துக்கத்துக்கு வந்தவர்களில் பாதிப்பேர் சிங்கப்பூரில் கூட வேலை பார்த்தவர்கள். அவர் வேறென்ன செய்தார் என்று அவர்களுக்குத் தெரியாது. உலகமெல்லாம் இருந்த எங்கள் கூட்டத்துக்கு நான் எழுதினேன். பெரு நாட்டிலிருந்தும் போலந்திலிருந்தும் இரங்கல் வந்தது. அக்காவுக்குத் தமிழில் படித்துக் காட்டினேன். இவர்களுக்கெல்லாம் இவர் எப்படிப் பழக்கம் என்று கேட்டார். பார்த்ததே இல்லை என்றேன்.

ஜமாலின் அத்தாவும் பிறகு போய்விட்டார். கடையை விற்றார்கள். சர்வரை நிறுத்தப் போனபோது அதைத் தேடி யாரும் வருவது எப்போதோ நின்றிருந்தது. விசிறி நின்றதும் கீழே யாரோ வாளியை இழுக்கும் சத்தம் கேட்டது. அந்த மாடியில் அதுவரை அப்படியொரு சத்தம் எங்கள் காதில் விழுந்ததே இல்லை. ஜமால் இப்போது கோலாலம்பூரில் வீடு விற்றுக் கொடுக்கிறான். பெருநாளுக்கு வாழ்த்து அனுப்புவான். அந்த இயங்குதளமும் மெல்ல மெல்ல ஆளில்லாமல் போயிற்று. வேலை, குடும்பம், சின்னச் சின்னச் சண்டை. ஒருநாள் அதன் முகவரியைத் தட்டினேன், சூதாட்ட விளம்பரம் வந்தது.

போன வருஷம் குளுவாங்கில் ஒரு கல்யாண மண்டபத்தில் ஒரு பெண் என்னிடம் வந்து, தேன்மொழி மகள் என்றாள். லக்ஷிதா. கல்லூரியில் படிக்கிறாள். அண்ணனின் நெற்றி அப்படியே. சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது சாதாரணமாகக் கேட்பதுபோலக் கேட்டாள்.

“அப்பாவுக்கு என் பேரு தெரிஞ்சதே இல்லையா ஆன்ட்டி?”

நான் இலையிலிருந்து கையை எடுத்துவிட்டேன். இதுவரை யாரிடமும் சொல்லத் தோன்றாத ஒன்றை அவளுக்குச் சொன்னேன். அவள் பிறந்த சமயம் எங்கள் தமிழ் எழுத்துருவில் ஒரு கோளாறு. க்ஷி என்ற எழுத்து சேராது. ‘க்’ தனியாக நிற்கும், ‘ஷ’ தனியாக நிற்கும், இகரக் கொக்கி புள்ளிகளாலான ஒரு வட்டத்தின்மேல் தொங்கும். மகளின் பெயரை அடித்துப் பார்த்தபோதுதான் அண்ணன் அதைக் கண்டார். எளிதான பேராக வைத்துவிடுங்களேன் என்று ஜமால் கிண்டல் செய்தான். அண்ணன் சிரிக்கவில்லை. பல வாரம் உட்கார்ந்து அதைச் சரிசெய்தார். சேர்ந்து வந்த அன்றைக்கு எங்கள் இரண்டு பேரையும் கூப்பிட்டுத் திரை முழுக்கப் பெரிய எழுத்தில் உன் பெயரைக் காட்டினார் என்றேன்.

அவள் முகம் மாறியது. அதை எங்கே பார்க்கலாம் என்று கேட்டாள்.

எங்கும் பார்க்க முடியாது என்றுதான் சொல்ல முடிந்தது. அவள் கையைத் துடைத்துக்கொண்டு போனை எடுத்தாள். தன் பெயரைத் தமிழில் தட்டி என் பக்கம் திருப்பிக் காட்டினாள். க்ஷி ஒழுங்காகச் சேர்ந்து, அழகாகத்தான் இருந்தது. அது யார் செய்த எழுத்து என்று எனக்குத் தெரியாது.