வாத்துப் படம் போட்ட உறை

என் தையல் மெஷின் டிராயரில், பாபின்களுக்கும் தேய்ந்துபோன கத்தரிக்கும் அடியில், இரண்டு உள்ளங்கை அகலத்தில் ஒரு துணி உறை கிடக்கிறது. வெளிநாட்டுக் குழந்தைகளுக்காக வெட்டிய பனியன் துணியின் மிச்சத்தில் நானே தைத்தது. வெள்ளைத் துணியில் மஞ்சள் வாத்துகள் வரிசையாக நடந்துபோகும். வாய்ப்பக்கம் இழுத்தால் விரிகிற ரிப் துணி வைத்து, இடுப்பில் கட்டிக்கொள்ள நாடாவும் கோத்திருக்கிறேன். கம்பெனியில் எங்கள் தையல் லைனில் புதிதாகச் சேர்கிற பெண்கள் நூலெடுக்க டிராயரைத் திறந்தால், இது என்னக்கா, செல்போன் பையா என்று கேட்பார்கள். ஆமாம் என்று சொல்லிவிடுவேன். உண்மையைச் சொல்ல ஆரம்பித்தால் அன்றைக்கு எனக்கு வேலை ஓடாது.

அது என் அண்ணன் மனைவிக்காகத் தைத்தது. எங்கள் பக்கம் அண்ணன் மனைவியை நங்கை என்போம். பெருமாநல்லூர் ரோட்டில் ஒரே பனியன் கம்பெனியில் அடுத்தடுத்த மெஷினில் உட்கார்ந்திருந்தோம். அவர் ஓவர்லாக், நான் பிளாட்லாக். சாப்பிடுவதில் அவரைப்போல ஆசையுள்ள ஒருவரை நான் பார்த்ததில்லை. நாங்களெல்லாம் ஷிப்மெண்ட் நாட்களில் அள்ளிப் போட்டுக்கொண்டு மெஷினுக்கு ஓடுவோம். நங்கை மட்டும் காலை நீட்டி உட்கார்ந்து, அரிசிம்பருப்புச் சோற்றில் நெய் மணக்கப் பிசைந்து, ஊறுகாயைத் தொட்டுத் தொட்டு நிதானமாகச் சாப்பிடுவார். சூப்பர்வைசர் கத்தினால், "சம்பாரிக்கறதே இதுக்குத்தானுங்க" என்பார். அந்த மனுஷிக்குத்தான் குடலில் கட்டி வந்தது. யாரிடம் போய்ச் சண்டை போடுவது என்று இன்றைக்கும் எனக்குத் தெரியவில்லை.

கோயமுத்தூரில் ஆபரேஷன் செய்தார்கள். பெருங்குடலின் கடைசிப் பகுதியை எடுத்துவிட்டு, மிச்சக் குடலின் முனையை வயிற்றின் இடது பக்கம் வெளியே கொண்டுவந்து தைத்து, அதன்மேல் ஒரு பிளாஸ்டிக் பையை ஒட்டி அனுப்பினார்கள். இனி ஆயுளுக்கும் மலம் போக அந்த வழிதான். அங்கே இருந்த நர்ஸ் மதுரைப் பக்கத்துப் பெண். ஒளிவுமறைவில்லாமல் விளக்கினார். வாயில் மென்றது இரைப்பைக்குப் போய்ச் சில மணி நேரம் அமிலத்தில் கடைபடுகிறது. பிறகு சிறுகுடலில் சத்தெல்லாம் ரத்தத்தில் சேர்கிறது. மிஞ்சின சக்கையில் இருக்கிற தண்ணீரைப் பெருங்குடல் உறிஞ்சிக்கொள்கிறது. குடல் சுருங்கிச் சுருங்கித்தான் எல்லாவற்றையும் முன்னால் தள்ளுகிறது. "மத்தவங்களுக்குக் கடைசில ஒரு தசை இருக்கும்க்கா, அது அடக்கி வைக்கும். உங்களுக்கு வச்சிருக்கிற வழியில அது கிடையாது. அதனால எப்ப வரும், என்ன சத்தம் வரும்னு உங்க கையில இல்ல" என்றார். நங்கை என் பக்கம் திரும்பி, "நிட்டிங் மெஷின்ல துணி குழாயாட்ட எறங்குமில்ல, அதாட்டத்தான்னு வெச்சுக்க அம்மணி. நிறுத்தற சுவிட்சு மட்டும் இல்ல" என்றார்.

நங்கைக்கு அழுகை வந்தது வீட்டுக்கு வந்தபிறகுதான். வலியைக்கூடப் பொறுத்துக்கொண்டார். சத்தத்தைத்தான் தாங்க முடியவில்லை. நாலு பேர் உட்கார்ந்து பேசும்போது சேலைக்குள்ளிருந்து காற்றுப் பிரிகிற சத்தம் வரும். பிளாஸ்டிக் பை வியர்வையில் ஒட்டிக்கொண்டு அசையும்போதெல்லாம் சரசரக்கும். அதற்காகத்தான் அந்தப் பைக்கு மேலே மாட்ட இந்த உறையைத் தைத்துக் கொடுத்தேன். வாத்துகளைப் பார்த்ததும் ஆபரேஷனுக்குப் பிறகு முதன்முதலாகச் சிரித்தார். "இனி சத்தம் வந்தா வாத்து கத்துதுன்னு சொல்லிக்கலாம் போ" என்றார். அதிலிருந்து எங்கள் இருவருக்குள் அந்தச் சத்தத்துக்கு வாத்து என்றே பெயர். உடம்பு தேறியதும் வேலைக்குத் திரும்பிவிட்டார். ஓய்வெடுக்கச் சொன்ன அண்ணனிடம் ஏதேதோ சமாதானம் சொன்னார். எனக்குத்தான் காரணம் தெரியும். அத்தனை மெஷினும் ஒன்றாக ஓடுகிற இரைச்சலில் எத்தனை வாத்து கத்தினாலும் யாருக்கும் கேட்காது.

அப்போதுதான் அண்ணன் மகளுக்குச் சம்பந்தம் கூடிவந்தது. கொமரலிங்கம் என்கிற ஊர்க் குடும்பம், மாப்பிள்ளைக்கு இங்கே திருப்பூரில் வேலை. விஷயம் வெளியே தெரிந்தால் மகளுக்கும் அந்த நோய் வரும் என்று தட்டிவிடுவார்களோ என்று அண்ணனுக்குப் பயம். ஒரு வார்த்தை வெளியே போகக்கூடாது என்று சொல்லிவிட்டார். நங்கை தனக்குத் தெரிந்த கணக்கைப் போட்டார். மெஷினில் துணி வைக்காவிட்டால் தையல் விழாது, வயிற்றில் சோறு போடாவிட்டால் சத்தமும் வராது. அவர்கள் பெண் பார்க்க வருவதற்கு முதல் நாள் மதியத்திலிருந்தே ஒன்றும் சாப்பிடவில்லை. எவ்வளவு கெஞ்சியும் தண்ணீரைத் தவிர எதையும் வாயில் வைக்கவில்லை.

மாப்பிள்ளை வீட்டார் வந்தார்கள். காபி குடித்தார்கள். வேறொன்றும் சாப்பிடவில்லை. சம்மதம் இல்லாமல் பெண் வீட்டில் கை நனைக்க மாட்டார்கள், அது வழக்கம். சமையலறையில் பெரிய தபலை நிறைய அரிசிம்பருப்புச் சோறு மணக்க மணக்கக் காத்திருந்தது. பேச்சு ஜாதகத்தில் வந்து நின்றது. யாரோ காகிதத்தைப் பிரித்துப் பார்த்துக்கொண்டிருக்க, கூடம் முழுக்க நிசப்தம். அந்த நேரம் பார்த்து நங்கையின் வயிறு உருள ஆரம்பித்தது. சின்னச் சத்தமில்லை, கூடத்தின் அந்தக் கோடி வரைக்கும் கேட்டது. அண்ணன் தலையைக் குனிந்துகொண்டார். நங்கையின் முகம் வெளுத்துப்போனது.

மாப்பிள்ளையின் அம்மா நங்கையின் பக்கம் திரும்பினார். "காத்தாலிருந்து அடுப்படியிலேயே நின்னிருப்பீங்களாட்ட இருக்குதுங்க. பட்டினியா எதுக்குங்க நிக்கறீங்க? இனி என்னுங்க யோசனை, எலையப் போடச் சொல்லுங்க. எல்லாரும் ஒண்ணா உண்ணலாம்" என்றார். இலை விழுந்தது. அவர்கள் கை நனைத்தார்கள். அந்த அம்மாள் நங்கையைத் தன் பக்கத்திலேயே உட்காரவைத்து, அவருக்கும் பரிமாறச் சொன்னார். பிற்பாடு குளியலறையில் பையை மாற்ற நான் உதவியபோது, நங்கை ஒரு கண்ணில் சிரிப்பும் ஒரு கண்ணில் அழுகையுமாக, "என்ற மானத்த வாங்கிப்போடும்னு பயந்தேன் அம்மணி. சம்மந்தத்த முடிச்சுக் குடுத்துப்போட்டுதே" என்றார். மறுநாளே அண்ணன் தடுக்கத் தடுக்கச் சம்பந்தியம்மாளுக்குப் போன் போட்டு எல்லாவற்றையும் சொல்லிவிட்டார். "அதுக்கென்னுங்க. கண்ணாலத்துக்கு நீங்க முன்னால வந்து நின்னாப் போதுமுங்க" என்று பதில் வந்தது. அதன்பிறகு நங்கைக்கு ஆசை அது ஒன்றுதான்.

அடுத்த முறை ஆஸ்பத்திரியில் இதைக் கேட்ட நர்ஸ் கடிந்துகொண்டார். வயிறு காலியாக இருந்தால் குடல் தூங்கிவிடாதாம். மிச்சம் மீதியை வழித்துத் தள்ள அலை அலையாகச் சுருங்குமாம். உள்ளே சோறு இல்லாமல் காற்றும் நீரும் மட்டும் இருப்பதால் சத்தம் பெரிதாகக் கேட்குமாம். "சத்தம் வந்தா சந்தோசப்படுங்கக்கா. உள்ள வேலை நடக்குதுன்னு அர்த்தம்" என்றார். நங்கை மறுபடி நேரத்துக்குச் சாப்பிட ஆரம்பித்தார். கல்யாணப் புடவைக்கு எந்த நிறம் என்று மெஷின் இரைச்சலுக்கு மேலே கத்திக் கத்திப் பேசினார். வாத்து கத்தினால் ஒளிக்காமல் சிரித்தார். நல்ல நாட்கள் அவை.

கல்யாணப் பத்திரிகை அடிக்கக் கொடுத்த சமயத்தில் நங்கைக்கு வயிறு கல்லாக உப்பிக்கொண்டது. கட்டி திரும்பி வந்து உள்ளே பரவியிருந்தது. பை காலியாகவே தொங்கியது. டாக்டர் ஸ்டெதஸ்கோப்பை வயிற்றின்மேல் வைத்தார். இடம் மாற்றி மாற்றி வைத்து, கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். நெஞ்சைக் கேட்கிற டாக்டர்களைப் பார்த்திருக்கிறேன், வயிற்றை அப்படிக் கேட்டு அன்றுதான் பார்த்தேன். பிறகு அண்ணனை வெளியே கூட்டிப்போனார். அறையில் நாங்கள் இருவர் மட்டும். நங்கை என் கையைப் பிடித்து, "வாத்து கத்துதா, கேட்டுச் சொல்லு அம்மணி" என்றார்.

குனிந்து காதை வைத்தேன். ஒன்றுமே இல்லை. ஊரெல்லாம் மெஷின் நின்றுபோனாலும் அப்படியொரு அமைதி இருக்காது. இதே அமைதிக்காகத்தானே அன்றைக்குச் சோறில்லாமல் கிடந்தார். நிமிராமலே, "கத்துதுங்க நங்கை" என்றேன். "நல்லாப் பொய் சொல்றே. என்ற வவுறு எனக்குத் தெரியாதா" என்று என் தலையைத் தடவிக்கொடுத்தார். கல்யாணத்துக்கு அவர் இல்லை. மேடைக்கு முன்னால் சம்பந்தியம்மாள் தன் பக்கத்து நாற்காலியில் கடைசிவரை யாரையும் உட்கார விடவில்லை.

போன வாரம் கம்பெனியில் கரண்ட் போனது. ஜெனரேட்டர் எடுப்பதற்குள் லைன் முழுக்கச் சத்தம் அடங்கிவிட்டது. சாப்பாட்டு நேரம் நெருங்கிய சமயம், என் வயிறு எல்லோருக்கும் கேட்கும்படி உருண்டது. நங்கையின் மெஷினில் இப்போது தைக்கிற ஒடிசாப் பெண் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். நான் டிராயரைத் திறந்து உறையை எடுத்து, வயிற்றின் இடது பக்கத்தில் வைத்து அழுத்திப் பிடித்துக்கொண்டேன். கத்துதுங்க நங்கை என்று மெல்லச் சொன்னேன். இந்த முறை நான் பொய் சொல்லவில்லை.