துடைக்காத கதிரை

பரந்தனிலை எங்கட ஒழுங்கைக்குப் பின்னாலை ஒரு அரிசி ஆலை. உமி எரிச்சால் கரி முழுக்க எங்கட பக்கம்தான். கொடியிலை காயப்போட்ட சட்டையை உதறினால் கறுப்பாய்க் கொட்டும். பக்கத்து வீட்டு அக்காவின்ரை வீடு ஆலை மதிலோடை ஒட்டினது. அவவின்ரை சின்ன மகளுக்கு முட்டு வருத்தம். ஆலை ஓடுற நாளெல்லாம் அந்தப் பிள்ளை மூச்சு இழுத்து இழுத்துக் குந்தியிருக்கும்.

முதலாளிக்குச் சொல்லிச் சொல்லிக் களைச்சுப்போய், நாங்கள் ரெண்டுபேரும் சுற்றாடல் கந்தோரிலை முறைப்பாடு குடுத்தம். அங்கை இருந்த உத்தியோகத்தர் இளந்தாரி. எரிஞ்சு விழாமல் கேட்டார்.

"வெள்ளிக்கிழமை வாறன், அக்கா. கண்ணாலை கண்டால்தான் நான் எழுதலாம்" எண்டார்.

வெள்ளிக்கிழமை காலமை போய்ப் பாக்கிறன், அக்காவின்ரை வீடு கோயில் மாதிரிக் கிடக்கு. முத்தம் கூட்டிச் சாணகத் தண்ணி தெளிச்சு, நிலம் கழுவி, யன்னல் துடைச்சு, ஏணி வைச்சு ஓட்டுக் கரியையும் தட்டிப்போட்டா. அலுமாரிக்குள்ளை கிடந்த புது விரிப்பு கதிரையிலை.

"உங்களுக்கென்ன விசரே?" எண்டு கத்திப்போட்டன்.

"வீட்டை வாற மனிசரைக் கரிக்குள்ளையே இருத்துறது?" எண்டு அவ என்னைக் கேட்டா.

அவர் வாற விசயம் ஆலைக்காரருக்கும் எப்பிடியோ மணந்திருக்கு. அண்டைக்குப் புகையே இல்லை. உத்தியோகத்தர் சுவரிலை விரலாலை தேய்ச்சுப் பாத்தார். விரல் வெள்ளையாய்க் கிடந்தது. தேத்தண்ணியைக் குடிச்சுப்போட்டு, "நான் என்னத்தையக்கா எழுத?" எண்டு கவலையோடைதான் கேட்டார். போகேக்கை படலையடியிலை என்னைக் கூப்பிட்டு, இனிச் சொல்லாமல்தான் வருவன், முன்பக்கத்தை அவ கூட்டாமல் பாத்துக்கொள்ளுங்கோ எண்டார்.

விளக்குமாறு, தும்புத்தடி எல்லாத்தையும் பறிச்சுக்கொண்டு வந்து என்ரை குசினிக்குள்ளை வைச்சுப் பூட்டினன். கரிக்குள்ளை கிடக்கக்கூடாதெண்டு பிள்ளையையும் என்னோடை வைச்சிருந்தன். அக்கா என்னோடை முகம் குடுத்துக் கதைக்கேல்லை. போகட்டும் எண்டு விட்டன்.

ஆலை முழுமூச்சாய் ஓடின ஒருநாள் உத்தியோகத்தரின்ரை மோட்டச்சைக்கிள் வந்து நிண்டுது. அவரைக் கண்ட அக்கா ஓடிப்போய் சீலைத் தலைப்பாலை கதிரையைத் துடைக்க வெளிக்கிட்டா.

"துடைக்காதேங்கோ, அக்கா" எண்டுபோட்டு அவர் வெள்ளைக் காற்சட்டையோடை அந்தக் கரியிலையே இருந்தார்.

அக்கா அழத் தொடங்கீட்டா. "என்ரை வீட்டை வந்த ஒருத்தரையும் நான் இப்பிடி ஊத்தைக்குள்ளை இருத்தினதில்லை, சேர்."

"இது உங்கட ஊத்தை இல்லை, அக்கா" எண்டார் அவர்.

அவர் எழும்பித் திரும்பி நிண்டு, தன்ரை போனை என்னட்டைத் தந்து, காற்சட்டையிலை கரி அப்பின பின்பக்கத்தைப் படம் எடுக்கச் சொன்னார். அழுதுகொண்டிருந்த அக்காவுக்கும் சிரிப்பு வந்திட்டுது.

அவர் எழுதின அறிக்கை இழுபட்டு இழுபட்டு, கடைசியிலை ஆலைக்காரர் புகைக்குழாய்க்குக் கரி பிடிக்கிற கூடு போட்டினம். அதைப் பாக்க அவர் வாறதெண்டு தெரிஞ்சும் அக்கா கதிரையைத் துடைக்கேல்லை. இருந்திட்டு எழும்பினவரின்ரை பின்பக்கத்தை நாங்கள் ரெண்டுபேரும் வெக்கமில்லாமல் எட்டிப் பாத்தம். வெள்ளையாய்க் கிடந்தது. பிள்ளை முத்தத்திலை ஓடித் திரிஞ்சுது.