ஸ்பெயின்காரம்மா கடைச் சாப்பாடு

அப்பா ஷார்ஜா தொழில்பேட்டையில் ஏசி மெக்கானிக்காக இருந்தார். நான் இரண்டாம் வகுப்பு முடித்த கோடையில் அம்மாவையும் என்னையும் விசிட் விசாவில் வரவழைத்தார். லீவில் ஊருக்குப் போயிருந்த அவருடைய நண்பர் தன் அறையை எங்களுக்கு விட்டுக்கொடுத்திருந்தார். உயரமான கட்டடங்களைக் காட்டத்தான் கூப்பிட்டிருக்கிறார் என்று நான் நினைத்தேன்.

அந்த வருஷப் பொங்கலுக்குப் பிறகு எனக்கு ஒரு தம்பி பிறந்து, பிறந்த அன்றே இறந்துபோயிருந்தான். அப்பாவுக்கு லீவு கிடைக்கவில்லை. போனில் அழுதார் என்று பிறகு கேள்விப்பட்டேன். அதற்கப்புறம் வீட்டில் யாரும் அந்தப் பேச்சை எடுக்கவில்லை. அம்மா எனக்குச் சோறு போட்டுவிட்டு, தான் அப்போதே சாப்பிட்டாயிற்று என்பாள். ஷார்ஜாவுக்கு வந்த பிறகும் அதையேதான் சொன்னாள். வளையல் முழங்கை வரைக்கும் ஏறியது.

ஒருநாள் அப்பா எங்களைத் துபாயில் ஒரு சந்துக்குள் இருந்த சாப்பாட்டுக் கடைக்குக் கூட்டிப்போனார். ஸ்பெயின் நாட்டு அம்மாள் ஒருத்தி நடத்திய கடை. அங்கே ஏசி கெட்டுப்போனால் அப்பாதான் போவார். கண்ணாடிக் கதவைப் பார்த்ததும் அம்மா வெளியிலேயே நின்றுவிட்டாள்.

"ஏங்க, இங்கெல்லாம் நமக்குக் கட்டுமா?"

"நம்ம ஊரு மீல்ஸ் மாதிரிதான். எல்லாம் சேத்து ஒரே விலை, அதுவும் கம்மிதான். நீ சும்மா உக்காரு, அவங்களே கொண்டாந்து வைப்பாங்க."

முதலில் பயறும் கேரட்டும் உருளைக்கிழங்கும் போட்ட கெட்டியான குழம்பு வந்தது, கூடவே ஒரு கூடை ரொட்டி. அவ்வளவுதான் சாப்பாடு என்று நம்பி நான் ரொட்டியாலேயே வயிற்றை நிரப்பிக்கொண்டேன். அம்மா ரொட்டியைப் பிட்டுத் தொட்டுக் கொஞ்சம் சாப்பிட்டாள். பிறகு இன்னும் கொஞ்சம். கிண்ணம் காலியானதும் எழுந்து எங்கள் மூவர் கிண்ணங்களையும் அடுக்கத் தொடங்கிவிட்டாள். கடைக்கார அம்மாள் ஓடிவந்து அவற்றைப் பிடுங்கிக்கொண்டு, தோளைப் பிடித்து அவளை உட்காரவைத்தாள். ஸ்பானிஷில் ஏதோ திட்டினாள். அம்மா தமிழில், "இருக்கட்டுங்க, பரவால்ல" என்றாள்.

அடுத்து முழுசாகப் பொரித்த மீன் வந்தது, எலுமிச்சைத் துண்டோடு.

"இன்னும் வருதா?" என்று அம்மா திகைத்தாள். மிளகாய்த்தூள் போட்டிருக்கலாம் என்று குறை சொல்லிக்கொண்டே முள்ளை மட்டும் விட்டுவைத்தாள். அப்பா தன் மீனைத் தொடாமல் அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். ரொட்டியால் ஏமாந்துபோன நான் இரண்டு பேர் மீதும் கோபமாக இருந்தேன்.

கடைசியில் அந்த அம்மாள் பாலும் முட்டையும் சேர்த்துச் செய்த புட்டிங்கைக் கொண்டுவந்து வைத்தாள். என் கன்னத்தைக் கிள்ளினாள். என்னைச் சுட்டிக்காட்டி, அம்மாவிடம் விரல்களை விரித்து, எத்தனை பிள்ளைகள் என்று சைகையில் கேட்டாள்.

அம்மா இரண்டு விரலைக் காட்டினாள்.

நான் உடனே ஒரு விரலைத் தூக்கி, "ஒன்! ஒன்லி ஒன்!" என்று கத்தினேன்.

அம்மாவின் கை அப்படியே நின்றது. அப்பா என் விரலை மெதுவாக மடக்கினார்.

"ரெண்டுதான் பாப்பா. அம்மா சரியாத்தான் சொல்றா."

அம்மா நிமிர்ந்து அவரைப் பார்த்தாள். பிறகு, அத்தனை பேர் சாப்பிட்டுக்கொண்டிருந்த கடையில், முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். அப்பா நாற்காலியை அவள் பக்கம் நகர்த்திப் போட்டுக்கொண்டார். அழுகை ஓய்ந்ததும் அம்மா மூக்கைத் துடைத்துக்கொண்டு, புட்டிங்கைக் கடைசி ஸ்பூன் வரைக்கும் சாப்பிட்டாள்.

எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. கணக்கில் எப்போதும் முழு மதிப்பெண் வாங்குகிறவள் நான். சொந்த வீட்டுப் பிள்ளையைக்கூட இவர்களுக்கு எண்ணத் தெரியவில்லையே என்று வருத்தமாக இருந்தது. ஆனாலும் வெளியாள் முன்னால் திருத்த வேண்டாமென்று பெருந்தன்மையாக விட்டுவிட்டேன்.