தனகோட்டியின் திறந்தவெளி

நாலு எட்டு வைப்பான், நிற்பான், ஒரு கண்ணை மூடிக்கொள்வான். "ரெண்டு ஷாமியானா" என்பான் தனகோட்டி. எந்த இடமானாலும் பந்தல்காரனுக்கு அதுதான் அளவு. செஞ்சி பஸ் ஸ்டாண்டு பதினாறு ஷாமியானா. தாலுகா ஆபீஸ் வாசல் மூன்றரை. இழவு வீட்டிலும் மாலை போடுவதற்கு முன்னால் வாசலை அளந்துவிடுவான். கோட்டைமேல் மட்டும் தீராத கோபம். "கோட்ட கட்டுனவன் அதோட நிறுத்துனானா? உள்ளயே கல்யாண மகால் கட்டி வச்சிருக்கான். பந்தல்காரன் பொழப்புல மண்ணு போட அப்பவே ஆளு இருந்துகீறான்."

ஆள் ஒல்லி. காதில் பீடி மாதிரி ஒரு சணல் துண்டு செருகியிருக்கும். அதைப் பற்றவைக்கப் போனதும் உண்டு.

மழையில் நனைந்த பந்தல் துணியை அன்றைக்கே விரித்து உலர்த்தாவிட்டால் கரும்புள்ளி விழும். அப்புறம் கருமாதிக்குத்தான் ஓடும், கல்யாணத்துக்கு எவனும் தொடமாட்டான். அவனிடம் பத்து துணி இருக்கிறது. எங்கள் தெருவுக்குப் பின்னால் இருக்கும் திடலில்தான் விரிப்பான். வீட்டு மாடி அரை ஷாமியானாகூடத் தேறாது. திடல் போனால் தொழில் போச்சு.

போன மாசம் அந்தத் திடலுக்கே ஆபத்து வந்தது. தெருவைச் சீரமைக்கப் போகிறோம், கருத்துச் சொல்லுங்கள் என்று பேரூராட்சி ஆபீஸிலிருந்து வந்து கூட்டம் போட்டார்கள். நாற்காலியும் பந்தலும் தனகோட்டியுடையது. என்ஜினியர் ஷோபனா இரண்டு படம் ஒட்டினார். ஒன்றில் திடல் முழுக்கக் கடைகள். இன்னொன்றின் தலைப்பு, 'திறந்தவெளிப் பாதுகாப்பு'.

தனகோட்டி துள்ளி எழுந்தான். எங்கள் தெருவில் அந்த வார்த்தைக்கு ஒரே அர்த்தம்தான். திறந்தவெளிக்குப் போகாதே, கக்கூஸுக்குப் போ என்று வருஷக்கணக்கில் ஆட்டோவில் மைக் கட்டிக் கத்தியிருக்கிறார்கள். மைக் செட்டும் இவனுடையது.

"இன்னாம்மா இது? இத்தினி நாளு திறந்தவெளிய ஒழின்னீங்க. இப்ப பாதுகாக்கணுமா? நான் துணி விரிக்கிற எடத்துல அவனவன் சொம்பத் தூக்கினு வந்து குந்துவானா?"

ஜனம் கைதட்டியது. அவனுக்கு வேகம் வந்துவிட்டது. "ரெண்டாவது படம் வேணாங்கிறவங்க எல்லாம் கையத் தூக்குங்க!"

தெருவே கையைத் தூக்கியது. வந்தவர்கள் அறுபது பேர். முப்பத்தொரு கை வேண்டாமென்றால் அந்தப் படம் தள்ளுபடி. கிளார்க் பார்த்திபன் பின்வரிசையிலிருந்து எண்ண ஆரம்பித்தார்.

ஷோபனா அவன் பக்கத்தில் வந்தார். "அண்ணே, திறந்தவெளின்னா நீங்க நெனைக்கிறது இல்லண்ணே. கட்டடம் கட்டாம திடல அப்படியே விடுறது. அதைத்தான் வேணாங்கிறீங்க."

தனகோட்டி படத்தை இன்னொரு தரம் பார்த்தான். பிறகு ஓடினான். வரிசை வரிசையாகப் போய்த் தூக்கிய கைகளைப் பிடித்து இறக்கினான். "எறக்குங்கடா! அது வேற வெளியாம்டா!"

மளிகைக்கடை கோதண்டராமன் இறக்கவில்லை. "என் கைய்யா இது. எனக்குக் கடை வேணும்." அவரைப் போலக் கடை கேட்டவர்கள் யாரும் இறக்கவில்லை.

பார்த்திபன் முன்வரிசைக்கு வந்தபோது எண்ணிக்கை முப்பது. மிச்சமாக நின்றது ஒரே கை. தனகோட்டியின் பெண்சாதி ராஜம்மாளுடையது.

"எறக்குடி!"

"நீதானய்யா தூக்கச் சொன்ன? தூக்குன்னா தூக்கணும், எறக்குன்னா எறக்கணும், நான் இன்னா ரயில்வே கேட்டா?" அவளால் சிரிப்பை அடக்க முடியவில்லை. கை இன்னும் ஒரு முழம் உயர்ந்தது.

கல்யாணமாகி இருபத்தாறு வருஷத்தில் தெருவில் அவளோடு சேர்ந்து நடந்தும் அறியாதவன், அறுபது பேர் பார்க்க அந்தக் கையை எட்டிப் பிடித்து இறக்கித் தன் இரண்டு கைக்குள்ளும் பொத்திக்கொண்டான். பார்த்திபன் "முப்பது" என்று எழுதிக்கொண்டு நகர்ந்த பிறகும் விடவில்லை.